‘கொணமாயிருச்சு’ என்ற பதில்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரிசி களைந்துகொண்டிருந்த நேரம் போன் அடித்தது. நான் வேலை செய்த மருத்துவ ஆராய்ச்சிப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கிற ஒரு பிள்ளை. என் நம்பரை யாரோ கொடுத்திருக்கிறார்கள்.

“மிஸ், ஒரு சின்ன டவுட்டு. புது ஆராய்ச்சிக்குக் கேள்வியெல்லாம் டெப் கம்ப்யூட்டர்ல ஏத்துறோம். இங்கிலீஷ்ல ரிகவர்னு இருக்கிற எடத்துல அது தானாவே ‘குணமடைந்தீர்களா’ன்னு தமிழ்ல போட்டுத் தருது. அப்படியே விட்டுறவா?”

“விடாதம்மா” என்றேன். கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

“ஏன் மிஸ், தப்பான சொல்லா?”

“இல்ல. ரொம்பச் சரியான சொல்லு. வினையே அங்கதான் இருக்கு.”

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. “மிஸ், தத்துவம் பேசுறீங்க.”

அந்தப் பிள்ளை அதை வசவாகச் சொல்லவில்லை, விளையாட்டாகத்தான் சொன்னது. ஆனால் என் வேலைக்காலம் முழுக்கக் காதில் விழுந்த கேலி அது. மருத்துவ ஆராய்ச்சிக்குள் தத்துவத்துக்கு என்ன வேலை என்று கேட்காத ஆளில்லை. ஆரம்பத்தில் நானும் கேட்டவள்தான். “போன்ல சொல்லி முடியாதும்மா, எழுதித் தர்றேன்” என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்தால் நெஞ்சு கனக்கிறது. பரவாயில்லை, எழுதுகிறேன்.

நான் பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். அப்பா ஸ்டோர் என்கிற தேயிலை ஆலையில் தூள் சலித்தார், அம்மா கொழுந்து பறிக்கப் போனார். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு பண்டாரவளையில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். பதுளையில் ஆராய்ச்சிப் பிரிவு ஒன்று தொடங்குகிறார்கள், தமிழும் சிங்களமும் பேசுகிற, மலையேற அலுக்காத ஆட்கள் வேண்டும் என்றார்கள். வாயும் காலும் எனக்கு நன்றாகவே வேலை செய்யும் என்று போய்ச் சேர்ந்தேன். பிரஷர் பார்க்க, நிறை எடுக்க, இரத்த மாதிரி எடுத்த குழாயைக் குலுங்காமல் கொண்டுவர, என்ன பதில் வந்தாலும் முகம் மாறாமல் எழுதப் பழக்கினார்கள். முகம் மாறாமல் இருப்பது மட்டும் எனக்குக் கடைசி வரை சரிவரவில்லை. எங்கள் வம்சமே மனசில் உள்ளதை நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிற வம்சம்.

பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் டொக்டர் தையல்நாயகி. யாழ்ப்பாணத்துக்காரர். டொக்டராக வேலை பார்த்துக்கொண்டே வெளிவாரியாக மெய்யியலிலும் பட்டம் எடுத்தவர். மெய்யியல் என்றால் வேறொன்றுமில்லை, தத்துவம்தான். எங்கள் குழுவில் ஜோசப் என்று ஒரு வாயாடி இருந்தான். முதல் கூட்டத்திலேயே கேட்டுவிட்டான்: “மருந்து படிச்சீங்க, சரி டொக்டர். அது எதுக்கு?”

அவர் சிரிக்கவில்லை. “மெய் எண்டால் உடம்பு. மெய் எண்டால் உண்மை. தமிழிலை இரண்டுக்கும் ஒரே சொல்தான். நான் இரண்டையும் படிச்சன். நீர் எதைப் படிச்சனீர்?”

ஜோசப் அன்று மாலை வரைக்கும் வாய் திறக்கவில்லை. எங்களுக்கெல்லாம் நிம்மதியாக இருந்தது.

டொக்டருக்குச் சில வழக்கங்கள் உண்டு. ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது எழுத மாட்டார், எங்களையும் எழுத விடமாட்டார். “பேனையைப் பாத்தால் சனம் பேனைக்குத்தான் பதில் சொல்லும்” என்பார். ஒரு விஷயம் விளங்காவிட்டால் “அப்பிடியோ” என்று சொல்லிவிட்டு நீண்ட நேரம் பேசாமல் இருப்பார். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார், மரியாதை கூடும். வழக்கமாக எங்களை ‘நீர்’ என்பவர் ‘நீங்கள்’ என்று தொடங்கினால் எங்கோ பிழை விட்டிருக்கிறோம் என்று பொருள். ஒருமுறை ஆள் வீட்டில் இல்லாதபோது பக்கத்து வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தேன். “புவனேஸ்வரி, நீங்கள் தயவுசெய்து திரும்பவும் போய்ட்டு வாங்கோ” என்றார். மழையில் போய் வந்தேன்.

எல்லாவற்றிலும் பெரிய வழக்கம் மேசை. எந்த ஆராய்ச்சி தொடங்கினாலும் கேள்விகள் அச்சுக்குப் போகும் முன் எங்களை ஒரு பழைய சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார வைப்பார். ஜோசப் அதற்கு வைத்த பேர் திண்டாட்ட மேசை. கேள்வியில் வருகிற ஒவ்வொரு சொல்லையும் எடுத்து எங்கள் முன்னால் வைப்பார். தோட்டத்தில் இந்தச் சொல்லை ஆர் சொல்லுறது? ஆருக்குச் சொல்லுறது? சொன்னால் பிறகு என்ன நடக்கும்? இந்த மூன்றுக்கும் பதில் வராமல் ஒரு சொல்லும் மேசையை விட்டு எழும்பாது.

முதலில் எரிச்சலாகத்தான் வந்தது. தமிழ் எங்களுக்குத் தெரியாதா? பிறகுதான் உறைத்தது. ‘மயக்கம் வருமா?’ என்று இங்கிலீஷ் தாளில் இருந்தபடி ஒரு கேள்வி. அதைப் புதிதாகக் கல்யாணம் கட்டிய பெண்ணிடம் கேட்டுப் பாருங்கள். காம்பரா அறைக்குள் இருந்து மாமியார் வாயெல்லாம் பல்லாக வெளியே வந்து நிற்பார். ‘சம்மதமா?’ என்று கேட்டால் கிழவர்கள் கூட வெட்கப்படுவார்கள். எங்கள் பக்கம் சம்மதம் என்ற சொல் பெண் பார்க்கிற வீட்டில்தான் புழங்கும். மற்ற இடத்திலெல்லாம் ‘சரிங்க’தான். தோட்டத்துத் தொர கேட்டாலும் சரிங்க, வேலை வாங்குகிற கங்காணி கேட்டாலும் சரிங்க, டொக்டர் கேட்டாலும் சரிங்க.

அந்தச் ‘சரிங்க’வைக் கண்டுதான் டொக்டர் ஒரு விதி வைத்தார். காலைப் பெரட்டில் நின்று ஆராய்ச்சிக்கு ஆள் சேர்க்கக் கூடாது. தோட்டத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பெரட்டு என்றால் விடியக் காலையில் எல்லோரும் கூடி நிற்க, பேர் வாசித்து, இன்றைக்கு எந்த மலைக்கு யார் என்று பிரித்து அனுப்புகிற இடம். அங்கே போய் நின்றால் ஒரே மூச்சில் ஐம்பது பேரைப் பிடிக்கலாம். “அங்கை நிக்கிற சனம் போ எண்டால் போகும். அதுக்குப் பேர் விருப்பமில்லை” என்று டொக்டர் மறுத்துவிட்டார். நாங்கள் பின்னேரம் லயம் லயமாக, அந்த வரிசை வீடுகள் ஒவ்வொன்றுக்கும், ஏறி இறங்கினோம். கால் வீங்கினால் அவரைத் திட்டினோம். அவரும் குடையை ஊன்றிக்கொண்டு எங்களோடு ஏறினார்.

இனிக் கதைக்கு வருகிறேன்.

மழைக்காலத்தில் தோட்டங்களில் ஒரு காய்ச்சல் வரும். காய்ச்சல் விட்ட பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் உடம்பு எழும்பாது. அந்தத் தளர்வுக்கு ஒரு மாத்திரை கேட்குமா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி. கொழும்பில் இருந்த ஒரு பேராசிரியர்தான் தலைவர். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டங்கள் எங்கள் பங்கு. பாதிப் பேருக்கு மருந்துள்ள மாத்திரை, பாதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. இரண்டும் ஒரே நிறம், ஒரே பருமன். யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

“பொய் மாத்திர குடுக்கிறதுக்கு இவ்வளவு தூரம் நடந்து வந்தீங்களா மிஸ்?” என்று ஒரு கங்காணி கேட்டார். நியாயமான கேள்விதானே? அதை மேசைக்குக் கொண்டு போனேன். டொக்டர் அரை நாள் அதிலேயே நின்றார். முன்கூட்டிச் சொல்லிவிட்டுக் கொடுத்தால் அது பொய் ஆகுமா? சொன்னது விளங்காத ஆளுக்குக் கொடுத்தால்? கடைசியில் ‘வெறும் மாத்திரை’ என்று சொல்வது என்றும், சேருகிற ஆள் தன் வாயால் அதைத் திருப்பிச் சொன்ன பிறகுதான் சேர்ப்பது என்றும் முடிவானது. ‘எனக்குக் கெடைக்கிறது வெறும் மாத்திரையாவும் இருக்கலாம்’ என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். சிலர் சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

அந்த முறை மேசைக்கு அவ்வளவு நேரம் இருக்கவில்லை. காய்ச்சல் மழையோடு வந்து மழையோடு போய்விடும், சீக்கிரம் தொடங்குங்கள் என்று கொழும்பிலிருந்து ஒரே நெருக்கல். தளர்வு, அசதி, சோர்வு, ஏலாமை என்று அந்தச் சொற்களோடு மல்லுக்கட்டியே பொழுது போய்விட்டது. கடைசியாக வந்தது ‘குணம்’. டொக்டர் எங்கள் முகத்தைப் பார்த்தார். யாழ்ப்பாணத்தில் காய்ச்சல் ‘மாறீட்டுது’ என்பார்களாம். “குணம் எண்டால் உங்கடை பக்கம் விளங்குமோ?” என்றார். “வெளங்கும் டொக்டர், எங்க வீட்டுச் சொல்லே அதுதான்” என்று எல்லோரும் தலையாட்டினோம். தலைவலியா, கொணமாயிருச்சா? வயித்தோட்டமா, கொணமாயிருச்சா? பிறந்ததிலிருந்து கேட்ட சொல்லை யார் சந்தேகப்படுவார்? மூன்று கேள்வியும் கேட்காமல் மேசையை விட்டு எழும்பிய ஒரே சொல் அதுதான்.

ஆராய்ச்சியின் ஒழுங்கு இதுதான்: வாரா வாரம் போய் ‘குணமாகிவிட்டதா?’ என்று கேட்போம். இல்லை என்றால் மாத்திரை தொடரும். ஆம் என்றால் தேதியைக் குறித்துக்கொண்டு மிச்ச மாத்திரையை வாங்கி வந்துவிடுவோம். எந்தப் பக்கத்து ஆட்கள் சீக்கிரம் குணமானார்கள் என்று கடைசியில் பார்த்தால் மருந்து கேட்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். பார்வைக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது!

லெட்சுமியை அங்கேதான் பார்த்தேன். மடுல்சீமையிலிருந்தும் உள்ளே போய், ஜீப் நிற்கிற இடத்திலிருந்து ஏறினால் மேல் லயத்தில் கடைசிக் காம்பரா. நாற்பது வயதிருக்கும். நல்ல கொழுந்துக்காரி என்று பேர். புருஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் வேலை, தீபாவளிக்குத்தான் வருவார். ஒரே மகள், நிரோஷா, ஓ-லெவல் எழுதப் போகிற வகுப்பு. லெட்சுமிக்குக் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்து எங்கள் ஆராய்ச்சியில் சேர்ந்தார்.

சேர்ந்து கொஞ்ச நாளில் ஒரு பின்னேரம் போனேன்.

“லெட்சுமி, கொணமாயிருச்சா?”

“கொணமாயிருச்சு மிஸ். ரெண்டு நாளா வேலைக்குப் போறேன்.”

குறித்துக்கொண்டேன். மிச்ச மாத்திரையை வாங்கிப் பைக்குள் வைத்தேன். எனக்குத் தேத்தண்ணி போட வேண்டும் என்று லயத்தை ஒட்டிய பீலிக் குழாய்க்குப் போய்த் தண்ணீர்க் குடத்தைத் தூக்கினார். இடுப்பு வரைக்கும் வந்த குடம் அப்படியே இறங்கிவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, “நிரோஷா, இத வந்து எடு” என்றார்.

“என்னாங்க இது? கொணம்னீங்க?”

“கொணந்தான் மிஸ்.”

“அப்ப இது?”

“இது ஏலாம. காய்ச்ச போனதுல இருந்து கையி காலுல சத்தே இல்ல. கூடைய மாட்டுனா கழுத்து நிக்க மாட்டேங்குது. மலையில கண்ண இருட்டிக்கிட்டு வருது, ஒக்காந்து ஒக்காந்து எந்திரிக்கிறேன்.”

“அத ஏங்க எங்கிட்ட சொல்லல?”

“நீங்க கொணமான்னுதான மிஸ் கேட்டீங்க.”

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். டொக்டரின் மேசையில் இருந்து பழகியதாலோ என்னவோ, ஒரு கேள்வி தானாக வந்தது. “கொணமானதால வேலைக்குப் போறீங்களா, வேலைக்குப் போறதால கொணமா?”

லெட்சுமி சிரித்தார். “என்னா மிஸ் நீங்க, ரெண்டும் ஒன்னுதான. கொணமில்லாதவ லயத்துல படுத்துருப்பா. வேலைக்குப் போறவ கொணமானவ. நம்ம அம்மா காலத்துல இருந்து அப்புடித்தான?”

ஆமாம், அப்படித்தான். என் அம்மாவும் முதுகில் சூட்டு ஒத்தடம் வைத்துக்கொண்டு, முனகிக்கொண்டு, ‘கொணமாயிருச்சு’ என்று சொல்லிவிட்டுத்தான் பெரட்டுக்குப் போவார். அந்தச் சொல்லுக்கு எங்கள் பக்கம் நோய் போய்விட்டது என்று பொருளில்லை. படுக்கை போய்விட்டது என்றுதான் பொருள். ஆயிரம் தடவை கேட்டும் என் காதில் அது ஏறவேயில்லை.

மாத்திரையைத் திருப்பிக் கொடுக்க எனக்கு அதிகாரமில்லை. பஸ் ஹோல்ட்டுக்கு வந்து சிக்னல் கிடைத்ததும் டொக்டருக்குச் சொன்னேன். “அப்பிடியோ” என்றார். பிறகு சத்தமே இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

அடுத்த வாரம் அவரே வந்தார். ரோட்டு மழையில் அரித்துப் போயிருந்தது, ஜீப் பாதியிலேயே நின்றுவிட்டது. அந்த வயதில் சேற்றில் குடையை ஊன்றி ஏறி வந்தார். லெட்சுமி நாற்காலி எடுத்துப் போட்டார். டொக்டர் அதில் உட்காராமல் அடுப்படிப் பலகையில் உட்கார்ந்தார்.

“லெட்சுமி, குணமில்லை எண்டு நீங்கள் சொன்னால் பிறகு என்ன நடக்கும்?”

லெட்சுமி என்னைப் பார்த்தார். யாழ்ப்பாணத்துப் பேச்சு அவருக்குப் பாதிதான் பிடிபடும். நான் எங்கள் பேச்சில் சொன்னேன்.

“என்னா நடக்கும் டொக்டரம்மா? கங்காணி காதுக்குப் போகும். எந்த வீட்டுல இருந்து வேலைக்குப் பேர் குடுக்க ஆளில்லையோ அந்தக் காம்பராவ எங்களுக்குக் குடுங்கன்னு தொரகிட்ட போயி நிக்கிறவங்க இருக்காங்க. எங்க வீட்டுல பேர் குடுக்கிறது நான் ஒருத்திதான். மக ஓ-லெவல் எழுதி முடிக்கிற வரைக்கும் இந்தக் காம்பரா வேணும். நான் கொணமாத்தான் இருக்கணும்.”

டொக்டர் பலகையை லெட்சுமிக்குக் கிட்ட நகர்த்திக்கொண்டார். பிறகு கேட்டார், மெதுவாக, வேறு சொல்லில்:

“முந்தின மாதிரி இருக்கிறீங்களோ?”

“முன்ன மாதிரி எங்கிட்டு டொக்டரம்மா” என்று சிரிக்கத் தொடங்கிய லெட்சுமி பாதியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, “அந்த மாத்திர திரும்பக் கெடைக்குமா? அதக் குடிச்ச நாள்ல கொஞ்சம் தெம்பா இருந்த மாதிரி இருந்துச்சு” என்றார்.

வேறு டொக்டராக இருந்தால் ஏதாவது ஆறுதல் சொல்லியிருப்பார். இவர், “அது மருந்தாலையோ, வெறும் மாத்திரையைக் குடிச்ச நம்பிக்கையாலையோ, எனக்குத் தெரியாது. ஆராய்ச்சி முடிஞ்ச பிறகு உங்களுக்குக் குடுத்தது எது எண்டு கட்டாயம் வந்து சொல்லுவம்” என்றார். பதுளைக்கு வந்தால் ஆராய்ச்சிக்கு வெளியே தானே பார்ப்பதாகவும் சொன்னார். லெட்சுமி ஒருமுறை வந்தார். பதுளைக்கு வந்து போனால் ஒரு நாள் வேலை போகும். பிறகு வரவில்லை.

அன்றைக்கே, கொணம் என்று சொல்லியிருந்த இன்னும் சிலரைப் போய்ப் பார்த்தோம். ‘முன்ன மாதிரியா?’ என்று கேட்டோம். ஒருத்தர் கூட ஆமாம் என்று சொல்லவில்லை. தேயிலைச் செடிகளைக் கத்தரிக்கிற ஒரு கவ்வாத்துக்காரர், “முன்ன மாதிரி இருந்தா வேல விட்டு வந்ததும் இப்புடிச் சுருண்டு கெடப்பேனா?” என்று கோபித்துக்கொண்டார். அவர் எங்கள் கணக்கில் குணமாகிப் பல நாள்.

திரும்பி வரும்போது ஜீப்பில் டொக்டர் சொன்னார்: “புவனா, நாங்கள் நோயை அளக்கேல்லை. பெரட்டை அளந்துகொண்டிருக்கிறம்.”

அடுத்த நாளே கொழும்போடு பேசினார். கணினித் திரையில் பேராசிரியர் இருந்தார். குறிப்பெடுக்க நானும் அறையில் இருந்தேன். பேச்சு இங்கிலீஷில்தான் நடந்தது. சாரத்தைச் சொல்கிறேன். கேள்வியை மாற்ற வேண்டும் என்றார் டொக்டர். பேராசிரியர் கெட்ட மனிதர் இல்லை, அதையும் எழுதிவிடுகிறேன். பொறுமையாகத்தான் கேட்டார். “ஆராய்ச்சி நடுவில் அளவுகோலை மாற்றக் கூடாது என்று எனக்கே சொல்லித் தந்தவர் நீங்கள் அல்லவா?” என்றார்.

டொக்டர் அதை ஒப்புக்கொண்டார். உண்மைதான். மேசையில் எங்களுக்கும் அதைத்தான் படிப்பித்திருந்தார். நடுவில் கேள்வியை மாற்ற விட்டால், பிடித்த விடை வரும் வரைக்கும் மாற்றிக்கொண்டே இருக்கலாம். பந்து போட்ட பிறகு விக்கெட்டை நகர்த்துகிற மாதிரி. அவருடைய விதியே அவர் கையைக் கட்டிப் போட்டது.

“சரி, பழைய கேள்வி அப்படியே இருக்கட்டும். பக்கத்தில் இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்போம்” என்றார். அதற்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும் என்றார் பேராசிரியர். விண்ணப்பியுங்கள், தடுக்கவில்லை, ஆனால் அதற்காக வேலையை நிறுத்த முடியாது. முடிவில் இப்படிச் சொன்னார்: “தத்துவத்தைப் பிறகு பார்ப்போம் டொக்டர். முதலில் தரவு வரட்டும்.”

“தரவு எண்டால் என்ன எண்டு கேக்கிறதுதான் தத்துவம்” என்று டொக்டர் தமிழில் சொன்னார். திரையில் இருந்தவருக்கு விளங்கியிருக்காது. எனக்குச் சொன்னதாகவும் தெரியவில்லை.

விண்ணப்பம் போனது. நாங்கள் வாரா வாரம் போய்க் ‘கொணமா’ என்று கேட்டு, ‘கொணம்’ என்று எழுதி, மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்தோம். அனுமதி வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாக, மழை முடிந்து, காய்ச்சல் முடிந்து, கடைசி ஆளின் பேருக்கு நேரே குணம் என்று எழுதி முடித்த பிறகு வந்தது.

முடிவு என்ன என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள். மருந்து குடித்தவர்களும் வெறும் மாத்திரை குடித்தவர்களும் ஏறத்தாழ ஒரே வேகத்தில் குணமடைந்தார்கள், ஆகவே இந்த மருந்தால் பயன் ஒன்றும் தெரியவில்லை என்று கட்டுரை தயாரானது. டொக்டர் ஒரே ஒரு திருத்தம் கேட்டார். ‘குணமடைந்தார்கள்’ என்ற இடத்தில் ‘வேலைக்குத் திரும்பினார்கள்’ என்று போடுங்கள் என்றார். அப்படிப் போட்டால் ஆராய்ச்சிக்கே அர்த்தமில்லாமல் போய்விடும் என்றார்கள். அப்படியானால் என் பேரை எடுத்துவிடுங்கள் என்றார். எடுத்துவிட்டார்கள். அவருடைய ஆட்சேபணையை ஒரு அடிக்குறிப்பாகப் போடலாம் என்ற பேச்சு இருந்தது. அச்சில் அதுவும் இல்லை.

அந்த மருந்து கேட்டிருக்குமா? எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. கேட்காத மருந்தாகவே இருந்திருக்கலாம். ஆனால் கேட்கவில்லை என்று தெரிந்துகொள்வது வேறு, கேட்கத் தெரியாமல் கேட்டுவிட்டு வருவது வேறு. இரண்டையும் ஒன்றாகப் போட்டு மூடிவிட்டோம். அதற்குப் பிறகு அந்தத் தளர்வுக்கு மருந்து தேடி மடுல்சீமைப் பக்கம் யாரும் வந்ததாக நான் கேள்விப்படவில்லை. அதுதான் முடிந்துபோன விஷயமாயிற்றே.

கொஞ்ச நாளில் டொக்டர் ஓய்வு பெற்று யாழ்ப்பாணத்தில் தங்கை வீட்டுக்குப் போனார். போகிற அன்று அவருடைய பெட்டியைப் பஸ்ஸில் ஏற்ற நான்தான் போனேன். “விதியைக் காப்பாத்தினன் புவனா. லெட்சுமியைக் காப்பாத்தேல்லை. அந்தச் சொல்லிலை இன்னும் ஒரு கால் மணித்தியாலம் நிண்டிருந்தால் இரண்டையும் காப்பாத்தியிருக்கலாம்” என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவர் இப்போது இல்லை. அவருக்குப் பிறகு வந்தவர்கள் மேசை வைக்கவில்லை. நேரமில்லை என்றார்கள். மொழிபெயர்க்க ஆள் வேறு, கேட்க ஆள் வேறு, எழுத இயந்திரம் வேறு என்று ஆனது. நானும் வேலையை விட மனமில்லாமல் ஓய்வு வரும் வரைக்கும் கேட்டு எழுதிக்கொண்டுதான் இருந்தேன்.

கட்டுரை வெளிவந்து டொக்டரும் யாழ்ப்பாணம் போன பிறகு, யாருக்கு எந்த மாத்திரை என்று சேர்ந்தவர்களுக்குக் கடிதம் போட்டால் போதும் என்றார்கள். லெட்சுமிக்கு மட்டும் நான் நேரில் போனேன். டொக்டர் வந்து சொல்வோம் என்று சொல்லியிருந்தாரே.

காம்பரா அப்படியே இருந்தது. லெட்சுமி இளைத்திருந்தார். நான் ஏறி வருவதைப் பார்த்துவிட்டு எழும்பப் பார்த்தார், உடனே எழும்ப முடியவில்லை. நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போது நிரோஷா கூடையோடு மலையிலிருந்து வந்தாள். இடுப்பில் கொழுந்துக்காரிகள் கட்டுகிற சாக்குப் படங்கு கட்டியிருந்தாள்.

“ஓ-லெவல்?” என்றேன்.

“எழுதல மிஸ்” என்று லெட்சுமிதான் பதில் சொன்னார். “எனக்கு ஏலாமப் போயிருச்சு. யாராச்சும் பேர் குடுக்கணுமே. அவளே போறேன்னுட்டா.”

நிரோஷா என்னைப் பார்க்கவில்லை. கூடையை மூலையில் கவிழ்த்து வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். வந்த விஷயத்தை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. சுற்றி வளைக்காமல் சொன்னேன்: “லெட்சுமி, ஒங்களுக்குக் கெடச்சது வெறும் மாத்திர இல்ல. மருந்து மாத்திர.”

“அப்புடியா மிஸ்” என்றார். கொஞ்சம் யோசித்தார். “அப்ப அது வேல செஞ்சுச்சா?”

“தெரியலங்க. செய்யலன்னு எழுதியிருக்காங்க.”

“குடிச்ச நாள்ல தெம்பா இருந்துச்சே.”

“அத யாரும் கேக்கல.”

“நான் கொணம்னு சொல்லாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்குமா?”

பழியைத் தன் தலையில் எடுத்துப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறார். கையைப் பிடித்துக்கொண்டேன். “ஒங்க மேல ஒரு தப்பும் இல்லங்க. நீங்க சரியாத்தான் சொன்னீங்க. நாங்க கேட்ட கேள்விதான் தப்பு.”

லெட்சுமி என் முகத்தைப் பார்த்தார்.

“கேள்வி தப்புன்னா, பதில மட்டும் ஏன் மிஸ் எடுத்துக்கிட்டுப் போனீங்க?”

அவர் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.